சாமிக்கு விட்ட காளை

எங்கள் வீட்டுக் காளையைச் சாமிக்கு விட்ட கதையை அம்மா இன்றைக்கும் வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்கிறாள். பிள்ளை உயிருக்குப் போராடியது, அவள் வேண்டிக்கொண்டது, மறுநாளே காய்ச்சல் இறங்கியது, சொன்ன சொல் தவறாமல் கன்றைக் கொண்டுபோய்க் கோயிலில் சேர்த்தது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கேட்பவர்களும் உச்சுக்கொட்டுவார்கள். நான் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவேன். அவள் சொல்வதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பாதியில் நிறுத்திவிடுகிறாள், அவ்வளவுதான். மீதியை நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சதுரங்கப்பட்டினத்திலிருந்து உள்ளே தள்ளி, திருக்கழுக்குன்றம் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா இருந்த கொஞ்ச நிலத்தில் வேர்க்கடலை போடுவாள். தம்பி மாமல்லபுரத்தில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கார் ஓட்டினான். நான் செங்கல்பட்டில் ஒரு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தவள் நான். அதை அம்மா மறக்கவும் மாட்டாள், என்னை மறக்கவும் விடமாட்டாள். "நாளைக்கு எனக்கு அப்பறம் உனக்கு ஒரு வா சோறு போடப் போறது உன் தம்பிதான், நெனப்புல வச்சிக்கோ" என்பாள். நான் சம்பாதித்துத்தான் அந்த வீட்டில் பாதிச் சோறு வெந்தது. இருந்தும் அந்தப் பேச்சை நான் நம்பினேன்.

அந்த வருஷம் எங்கள் பசு கன்று போட்ட மூன்றாம் நாள் செத்துப்போனது. கன்று வெள்ளை, காளை. எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாமல் கொட்டகையில் கிடந்தது. அம்மாவுக்குக் கடலை பிடுங்குகிற வேலை தலைக்கு மேல் கிடந்தது. கன்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "உனக்கும் புள்ள இல்ல, அதுக்கும் தாயி இல்ல. சாமியே உன் கையில குட்த்துக்கீது. பாத்துக்கோ."

குத்திக்காட்டத்தான் சொன்னாள். ஆனால் நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் பால் வாங்கி, பீர் பாட்டிலில் ஊற்றி, ரப்பர் மாட்டிக் குடிக்க வைத்தேன். பத்து நாள் போனதும் சோறு வடித்த கஞ்சியை ஆற வைத்துக் கொடுத்தேன். பழகிவிட்டது. சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து உலை வைத்தால் போதும், அரிசி கொதிக்கிற வாசனைக்கே கொட்டகையில் துள்ள ஆரம்பிக்கும். வடிக்கிற நேரத்துக்கு அடுப்படி வாசலில் தலையை நீட்டும். மூக்கால் என் இடுப்பில் முட்டும். "தள்ளி நில்லு சனியனே, சுடும்" என்று திட்டுவேன். திட்டத் திட்ட முட்டும். புருஷன் வீட்டில் இருந்த இரண்டு வருஷத்தில் என் வருகைக்காக ஒரு ஜீவன் இப்படிக் காத்திருந்ததில்லை.

கன்றுக்கு ஒன்றரை வயசு ஆனபோது தம்பிக்கு டெங்கு வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே போயின. ஈறில் ரத்தம் கசிந்தது. மூன்றாவது நாள் காலையில் அம்மா வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, ஊர் இருக்கிற திசையைப் பார்த்துக் கைகூப்பினாள். "ஈஸ்வரா, எம்புள்ளைய எனக்குத் திருப்பிக் குட்த்துடு. எங்க வூட்ல கீற கன்னுக்குட்டிய உனக்கே வுட்டுர்றேன்."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கையில் வளையல் இருந்தது, காதில் கம்மல் இருந்தது, நிலம் இருந்தது. இவ்வளவு இருக்க, என் கையில் இருந்த ஒன்றைத்தான் எடுத்துக் கொடுக்கத் தோன்றியது அவளுக்கு. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே தம்பி கண்ணைத் திறக்காமல் கிடந்தான். அந்த நேரத்தில் யாராவது வாயைத் திறப்பார்களா? நானும் கைகூப்பினேன்.

தம்பி பிழைத்தான். டாக்டர்களும் நர்சுகளும் இரண்டு நாள் தூங்காமல் பார்த்துக்கொண்டார்கள். அம்மா அவர்களுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. நேராக ஊருக்கு வந்து கோயில் சாவி வைத்திருக்கிற பெரியப்பாவைப் போய்ப் பார்த்தாள். பங்காளி முறையில் பெரியப்பா. ஊரைச் சுற்றி இருக்கிற மேய்ச்சல் பூமியை எல்லாம் மனை போட்டு விற்கிற புரோக்கர் வேலையும் அவருக்குத்தான். இரண்டு செல்போன், நெற்றி நிறைய விபூதி.

பங்குனியில் ஒரு நல்ல நாள் பார்த்தார்கள். கன்றைக் குளிப்பாட்டி, மஞ்சள் தடவி, கழுத்தில் மாலை போட்டு, கோயிலை மூன்று சுற்று சுற்ற வைத்தார்கள். பிறகு நாலு பேர் பிடித்துக் கீழே சாய்த்தார்கள். சூலக் குறியைப் பழுக்கக் காய்ச்சித் தொடையில் வைத்தார்கள். அது கத்திய கத்தலில் மேளக்காரர் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார். தோல் வேகிற நாற்றம் வந்தது. எழுந்ததும் அது கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நேராக என்னிடம்தான் ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பெரியப்பா கழுத்துக் கயிற்றை அறுத்துவிட்டு எங்களுக்குச் சொன்னார். "இன்னியோட இது உங்க வூட்டு மாடு இல்ல. கட்டக் கூடாது. பேர் சொல்லிக் கூப்டக் கூடாது. உங்க கையால ஒரு புல்லு போடக் கூடாது. போட்டீங்கன்னா குட்த்தத திருப்பி வாங்கிகினா மாதிரி. அப்பறம் அவுரும் குட்த்தத திருப்பி வாங்கிக்குவாரு."

அவர் என்று சொன்னது ஈஸ்வரனை. திருப்பி வாங்குவது என் தம்பியின் உயிரை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி, இனிமேல் அதற்கு யார் தீனி போடுவது என்று நான் கேட்டேன். பெரியப்பா என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சாமி மாடும்மா. சாமி பாத்துக்கும். ஊரே பாத்துக்கும்."

ஊரே பார்த்துக்கொள்ளும் என்றால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. எதிரில் வந்தால் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை நெற்றியில் குங்குமம் வைப்பார்கள். அத்தோடு சரி. ஒரு வாளித் தண்ணீர் வைக்க ஒருத்தருக்கும் கை வராது. மேயப் போனால் புல் இருந்த இடமெல்லாம் மனைக் கல் நட்டுக் கம்பி கட்டியிருந்தது.

சாமிக்கு விட்ட அன்று சாயங்காலமே அது வீட்டுக்கு வந்துவிட்டது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். தொடையில் வெந்த புண்ணோடு அடுப்படி வாசலில் வந்து நின்று தலையை நீட்டியது. அம்மா அலறினாள். "ஏய், தொரத்துடி! தொரத்து!" துடைப்பத்தை எடுத்து அடித்தேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுத் திரும்ப வந்து நின்றது. இன்னொன்று ஓங்கிப் போட்டேன். அப்போதுதான் புரிந்தது அதற்கு. தெருவில் போய் நின்றுகொண்டு கத்தியது.

தினமும் வந்தது. தினமும் அடித்துத் துரத்தினேன். துரத்துகிற வேலை என் தலையில்தான் விழுந்தது. தம்பி கிட்டே போகக் கூடாதென்று அம்மா கட்டளை. அவளுக்கோ சாமி மாட்டை அடிக்கப் பயம். நான் அடித்தால் மட்டும் பாவம் இல்லையா என்று கேட்டேன். "உனக்கு இன்னா, புள்ளையா குட்டியா, பாவம் வந்து யாரைப் புடிக்கப் போவுது" என்றாள்.

ஒளித்துத் தீனி போட்டதும் உண்டு. பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில், ரேஷன் கடைக்குப் பின்னால், கேரியரில் என் மதியச் சோற்றைக் கொண்டுபோய் அதற்கு வைத்துவிட்டு நான் டீயும் பன்னும் தின்று நாளை ஓட்டினேன். ஒரு மாசம் இருக்கும். யாரோ பார்த்திருக்கிறார்கள். அதே வாரம் தம்பிக்கு ஜலதோஷக் காய்ச்சல் வந்து தொலைத்தது. மழையில் நனைந்துகொண்டு கார் கழுவினால் வராமல் என்ன செய்யும்? அம்மாவிடம் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கத்தவில்லை. என் காலில் விழுந்தாள். பெற்ற தாய் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எம்புள்ளைய சாவடிக்காதடி. உனக்குத் தம்பி வேணாமா? ஒரே ஒரு புள்ளடி." தம்பி போர்வைக்குள்ளிருந்து என்னையே பார்த்தான். இருபத்துமூன்று வயசுக்காரன், இங்கிலீஷில் வெள்ளைக்காரர்களுக்குக் கடற்கரைக் கோயிலைக் காட்டுகிறவன், பயந்துபோய் என்னைக் கும்பிட்டான். "அக்கா, ப்ளீஸ்க்கா."

அந்த நேரத்தில்தான் அது வந்தது. அம்மா வைத்த உலை கொதித்துக்கொண்டிருந்தது. வடித்தேன். கஞ்சிச் சட்டியில் ஆவி பறந்தது. அது எப்போதும்போல அடுப்படி வாசலில் தலையை நீட்டியது. "அடிச்சா போவல இல்ல? ஊத்து. சூடா ஊத்து. ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றாள் அம்மா.

நான் ஊற்றினேன். கை தவறியது, தெரியாமல் நடந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சட்டியை இரண்டு கையாலும் தூக்கி முகத்தைப் பார்த்து ஊற்றினேன்.

அது உடனே ஓடவில்லை. அப்படியே நின்றது. பழக்கம் பாருங்கள், கஞ்சி மூக்கில் வழிந்ததும் நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது. அதன் பிறகுதான் சூடு உறைத்திருக்க வேண்டும். ஓடிப்போய்க் கொட்டகைச் சுவரில் மோதி, விழுந்து, எழுந்து, தெருவில் ஓடியது. நான் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். ரசம் வைத்தேன். அன்று ராத்திரி மூன்று பேரும் சாப்பிட்டோம். தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அம்மா முகத்தில் என்ன நிம்மதி!

அதற்குப் பிறகு அது வீட்டுப் பக்கம் வரவில்லை. இடது கண் முதலில் சிவந்து நீர் வடிந்தது. அப்புறம் பால் ஊற்றியதுபோல வெளுத்தது. ஊரில் யாரும் எப்படி என்று கேட்கவில்லை. சாமி மாட்டுக்கு ஒற்றைக் கண்தான் இருக்கும், மற்றதைச் சாமி எடுத்துக்கொள்ளும் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். கேட்டுவிட்டு அம்மாவும் ஆமாம் ஆமாம் என்றாள். அவளுக்குத் தெரியாதா? என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆமாம் என்றாள்.

ஒற்றைக் கண்ணோடு அது வயல்களில் இறங்கியது. பசிக்குமே, வேறு என்ன செய்யும்? கத்தரித் தோட்டம் ஒன்று நாசமானது. ஒரு நாள் அதன் முதுகில் ஒரு சாண் நீளத்துக்கு அரிவாள் வெட்டு இருந்தது, வெட்டின் மேல் மஞ்சள் பொடி அப்பியிருந்தது. வெட்டியவனே பாவத்துக்குப் பயந்து மஞ்சளும் வைத்திருக்கிறான் என்று பேசிச் சிரித்தார்கள். பிறகு தம்பியும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் இறக்கிவிட்டு வந்தார்கள். "டூரிஸ்ட் நெறைய பேர் வர்றாங்கக்கா, பழம் கிழம் போடுவாங்க, ராஜா மாதிரி இர்க்கலாம்" என்றான் தம்பி. நாலாவது நாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தது அந்த ராஜா. குளம்பு தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தது.

அதன் பிறகு பஸ் ஸ்டாப்தான் அதற்கு இடம். காலையில் நான் வந்ததும் வாசனை பிடித்துவிடும். நல்ல கண் இருக்கிற பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு என்னை நோக்கி வரும். நான் பஸ்ஸுக்குக் காத்திராமல் ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவேன். கண்ணைப் பொசுக்கியவளைத் தேடி வருகிறதே, இதற்கு ரோஷம் இல்லையா, மூளை இல்லையா என்று எரிச்சல் வரும். முட்டித் தள்ளியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு நாள் மனசு கேட்கவில்லை. கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் என் வயசுப் பெண். கண்ணைப் பற்றிச் சொன்னதும், "இடத்தைச் சொல்லுங்க, நானே வரேன். பிடிச்சு நிறுத்த ஆள் வேணும். யார் மாடு?" என்றாள்.

"சாமி மாடு மேடம்."

"சாமியா வந்து மூக்கணாங்கயிறு பிடிக்கும்? யாராவது ஒருத்தர் என் மாடுன்னு சொல்லி வாங்க. நீங்க யாரு அதுக்கு?"

தடவ ஏதாவது மருந்து இருந்தால் எழுதிக்கொடுங்கள் என்றேன். களிம்பு பேரை எழுதிக்கொடுத்தாள். எங்கள் கடையிலேயே வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் அது வந்தபோது மூடியைத் திறந்து கையில் வைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பொம்பளை, "இன்னாம்மா, உங்க வூட்டு மாடாச்சே, எப்டி தேடிகினு வருது பாரு" என்றாள். "எங்க வூட்டு மாடு இல்ல" என்று சொன்னேன். மூடியைத் திருகிப் பைக்குள் போட்டேன். அம்மா காதுக்குப் போய்விடுமே என்கிற பயம். இவ்வளவு பெரிய பொம்பளை, சம்பாதிக்கிறவள், ஒரு டியூப் மருந்தைத் தடவ எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த வருஷம் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணுக்குக் கருங்குழி ஊர். பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அது குழியில் விழுந்தது. எங்கள் தெருக்கோடியில் பெரியப்பா விற்ற மனை ஒன்றில் கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டிப்போட்ட குழி. கண் தெரியாத பக்கமாக விழுந்திருக்கிறது. முன்னங்கால் ஒடிந்துவிட்டது. அது கத்தியது எங்கள் வீட்டு அடுப்படிவரை கேட்டது.

போய்ப் பார்த்தேன். குழியைச் சுற்றி இருபது பேர் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் இறங்கவில்லை. பெரியப்பாவிடம் ஜேசிபியைக் கூப்பிடுங்கள் என்றேன். பக்கத்து மனையிலேயே ஒன்று நின்றுகொண்டிருந்தது. அவர் தலையை ஆட்டினார். "அதெப்படிம்மா? சாமி மாடு. தூக்கும்போது எதுனா ஆச்சின்னா? எவன் கை வச்சானோ அவன் தலையில பாவம். அவன் வம்சத்துக்கே ஆவாது. யாரு வருவான் சொல்லு?" நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். கத்தரித் தோட்டக்காரன்கூட ஆமாம் என்றான்.

நான் இறங்கினேன். ஒரு குடம் தண்ணீர் வைத்தேன். குடித்தது. என் கழுத்தில் மூச்சு விட்டது. உடம்பெல்லாம் எலும்பு. முதுகு வெட்டில் புழு. கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. உட்காரவில்லை. நாற்றம் தாங்காமல் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் நன்றாகத்தான் பேசினார். எங்கே, எவ்வளவு ஆழம் என்று கேட்டுக்கொண்டார். "உடனே வண்டி வருது. மாட்டுக்காரர் பேரும் நம்பரும் சொல்லுங்க" என்றார்.

அம்மா எதிரில் வந்து நின்றாள். கையில் கல்யாணத்துக்கு வாங்கிய புடவைப் பை. அவள் அழவுமில்லை, காலில் விழவுமில்லை. மெதுவாகச் சொன்னாள். "ஒம்பது நாள் கீது. கல்யாணத்த வச்சிகினு குட்த்தத திருப்பி எடுக்கப் போறியா? எடு. எடுத்துட்டு அந்தப் பொண்ணு தாலிக்கு நீ ஜவாப் சொல்லு."

போனில் அவர், "அம்மா, லைன்ல இருக்கீங்களா? யார் மாடு?" என்றார்.

நான் கட் பண்ணினேன். அவர் திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

அம்மா டிவியைச் சத்தமாக வைத்தாள். குழியில் அது ஞாயிறு முழுக்கக் கத்தியது. திங்கள் மத்தியானம் வரைக்கும் கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். நான் திங்கட்கிழமை லீவு போடாமல் வேலைக்குப் போனேன். ஒரு நாள் முழுக்க மருந்துக்கு பில் போட்டேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஊர் அமைதியாக இருந்தது.

செத்துப்போனதும் எல்லாருக்கும் கை வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஜேசிபி வந்து அதைத் தூக்கிப்போய்க் கோயில் பக்கத்தில் புதைக்கக் குழியும் தோண்டியது. டீசல்கூட யாரும் கேட்கவில்லை. விடியற்காலையில் கோயில் எதிரில் ஆளுயர பிளக்ஸ் நின்றது. 'எங்கள் குலம் காத்த காளைக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு, நல்ல கண் தெரிகிற படமாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். பட்டு வேட்டி சாத்தினார்கள். பெண்கள் மாரடித்தார்கள். யூடியூப் சேனல்காரன் ஒருத்தன் மைக்கை நீட்டினான். அம்மா முன்னால் போய் நின்று, "எங்க வூட்டு மாடுதான்யா. எங்க கையால வளத்தது. சாமி எங்களை நம்பிக் குட்த்தத சாமி கிட்டயே பத்திரமா சேத்துட்டோம்" என்றாள். நடிப்பு இல்லை. நிஜமாகவே அழுதாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மைக்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். "இது கண்ணைப் பொசுக்கினது நான்தான்" என்றேன். "கொதிக்கக் கொதிக்கக் கஞ்சிய மூஞ்சில ஊத்தினேன். தீயணைப்புக்குப் போன் பண்ணிட்டு, யார் மாடுன்னு கேட்டதும் கட் பண்ணதும் நான்தான். பத்திரமாவா சேத்தோம்? ஒண்ணரை நாள் கத்திச்சே, யாருக்குமே காது இல்லையா?"

மேளம் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாராவது ஒருத்தர் திட்டுவார்கள், காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தேன். பெரியப்பா என் தோளில் கை வைத்தார். "வுடும்மா, வளத்த பாசம். வாய்க்கு வந்தத பேசுது பாவம். நீ அடிப்பா" என்று மேளக்காரரைப் பார்த்துச் சொன்னார். மேளம் மறுபடி ஆரம்பித்தது. சேனல்காரன் மைக்கைத் துடைத்துக்கொண்டான்.

அம்மா என் கையைப் பிடித்துக் குழி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். காதோடு காதாகக் கேட்டாள். "உன் தம்பி நல்லாக் கீறான் இல்ல? அப்பறம் இன்னா?"

தம்பி குழிக்குள் உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு வெட்டிய புது கிராப், கையில் காப்பு, முகத்தில் வியர்வை. நன்றாகத்தான் இருந்தான். அவனைப் பார்த்தேன். கீழே பட்டு சுற்றிக் கிடந்ததைப் பார்த்தேன். மண் விழ விழ எனக்குள் ஒன்று லேசானது. துக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். துக்கம் இல்லை, நிம்மதி. இனிமேல் காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம், என்னைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள் என்கிற நிம்மதி. அது தெரிந்த நிமிஷத்தில்தான் நான் ஓவென்று கத்தி அழுதேன். பக்கத்தில் இருந்த பெண்கள் என்னை அணைத்துக்கொண்டு, பெற்ற தாய்கூட இப்படி அழமாட்டாள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.